உயிர் காக்கும் உண்மையும் வீண் வெட்கமும்

 

இவ்வுடல் நமது சொந்தச் சொத்தன்று. அல்லாஹுத் தஆலா நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதமாகும். அதை எப்படிப் பேணினோம் என்று மறுமையில் நாம் பதில் சொல்லியாக வேண்டும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு அந்த அமானிதத்தையே பாழாக்கிக் கொள்வோரும் நம்மிடையே உண்டு. அதனை முன்னிட்டே இதை எழுதுகிறோம்.

2008-ஆம் ஆண்டில் நமது சிங்கப்பூரில் நடந்ததைப் பலர் மறந்திருக்கலாம். அவ்வாண்டின் முதல் ஐந்து மாதங்களுக்குள், நீரிழிவு நோய் இல்லாத 150 பேர், இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துபோன நிலையில் அரசாங்க மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். எழுவர் நினைவு திரும்பாமலே கிடந்தனர், நால்வர் மாண்டனர். காரணம் என்ன? ஆண்மையைப் பெருக்கும் என்று கள்ளத்தனமாக விற்கப்பட்ட மருந்துகளில், நீரிழிவுக்காரருக்கு அளிக்கும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது.

அல்லாஹ்வின் ஹிக்மத்தைப் பாருங்கள். நாம் உண்ணும்போது கணையம் இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது. பசித்திருக்கும்போது அச்சுரப்பு அடங்கிவிடும். ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளிவிடும். அதனாலன்றோ நலமுள்ளவர் பதின்மூன்று மணி நேரத்திற்கு மேல் நோன்பிருந்தும் வீழ்வதில்லை! அம்மருந்தோ, பசித்த வேளையிலும் கணையத்தை ஓயவிடாது இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. சர்க்கரை எட்டாத மூளை மயங்குகிறது. இனிப்புக் கொடுத்துத் தெளிந்தவர்க்கும், மருந்தின் வேகம் தணியும்வரை மயக்கம் மீண்டும் வரக்கூடும்.

நீரிழிவு இல்லாதவர்க்கு இந்நிலை வருவது அரிது. வந்தால் காரணம் தேட வேண்டும். மார்க்கம் விலக்கிய மது, ஈரல் அல்லது சிறுநீரகக் கோளாறு, அட்ரினல் சுரப்பியின் குறைவு, கணையத்தில் கட்டி, இரைப்பையில் செய்த அறுவை, வேறு சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். மருத்துவர் வினவும்போது, உண்டதை வெட்கத்தால் மறைப்பவர் தம் உயிரையே பணயம் வைக்கிறார்.

வெட்கம் ஈமானைச் சேர்ந்ததாயிற்றே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் எந்த வெட்கம்? பாவம் செய்ய நாணுவதே அந்த வெட்கம். அன்ஸாரிப் பெண்மணி உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள், பெண்கள் கேட்கக் கூசும் குளிப்புக் கடமை பற்றிய ஐயத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரிலேயே கேட்டுத் தெளிந்தார்கள். நாயகமவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை, விடையளித்தார்கள். மார்க்கத்தை அறிய வெட்கம் தடையாகாதென்றால், உயிரைக் காக்க அது தடையாகலாமா?

நோன்பிலும் இதே வெட்கம் குறுக்கிடுகிறது. கைகால் நடுக்கம், குளிர்ந்த வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, பார்வை மங்கல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை கண்டும், "நோன்பை விட்டான் என்று நாலுபேர் பேசுவார்களே" என அஞ்சிச் சிலர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்றுக் கொள்ளும் சலுகையை அல் பகரா அத்தியாயத்தில் அல்லாஹ்வே அளித்துள்ளான். உயிருக்கு ஆபத்தென்றால் நோன்பைத் திறப்பதே கடமை. பிறகு களாச் செய்துகொள்ளலாம். அப்படித் திறந்தவரை இழித்துப் பேசுவோரே வெட்கப்பட வேண்டியவர்கள்.

இந்த அறிகுறிகள் தோன்றினால் மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்யுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுங்கள். தெளிந்த பின்னும் மருத்துவரைக் காண வேண்டும். அந்நேரத்தில் எடுக்கும் இரத்தச் சோதனையே உண்மையைக் காட்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 995-ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் உண்மையை உரைக்க நாணாதீர்கள். யாரென்று அறியாதவரிடம் மருந்து வாங்க நாணுங்கள். உங்களிடம் ஒருவர் தம் குறையைச் சொன்னால், அதை ஊரறியச் செய்யாது மறைத்து உதவுங்கள். அமானிதமான உடலை அமானிதமாகவே பேணும் பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.