ஓலைக்குள் ஒரு காவல்காரி

பாசிக்குடாப் பக்கம் தென்னையின் கீழோலைகள் தீய்ந்ததுபோல் காய்ந்து தொங்கினால், வெயிலைக் குறை சொல்லுமுன் ஓலையைத் திருப்பிப் பாருங்கள். நூலும் எச்சமும் சேர்த்துக் கட்டிய கூட்டுக்குள் கருந்தலைப் புழு இருந்து பச்சையைச் சுரண்டிக்கொண்டிருக்கும். மட்டக்களப்புத் தோட்டங்களுக்கு இது பழைய பகை.

அந்தக் கூட்டுக்குள்ளேயே புகுந்து அதைப் பிடிப்பது கோனியோசஸ் நெபான்டிடிஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட குளவி. அரிசிமணியை விடச் சிறியது. புழுவைக் கொட்டி அசையாமல் கிடத்தி, அதன் உடல்மேல் முட்டை இடும். பொரிக்கும் குஞ்சுகள் புழுவை உறிஞ்சியே வளரும். ஒட்டுண்ணிக் குளவிகளில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் பறந்துவிடும். இந்தத் தாய் போகமாட்டாள். அதே புழுவைத் தேடி வரும் இன்னொரு பெண்குளவியோடு கடித்துப் புரண்டு சண்டையிடுவாள். விட்டுப் போனால், வந்தவள் இவளுடைய முட்டைகளை அழித்துவிட்டுத் தன்னுடையதை இட்டுவிடுவாள். இவ்வளவு சிறிய உடம்பில் இத்தனை பெரிய தாய்மை என்னை வியக்க வைக்கிறது.

இலங்கையின் தென்னை ஆராய்ச்சி நிலையம் லுணுவிலயில் இருக்கிறது. மருந்தடிக்க ஆள் பிடிக்குமுன் இந்தக் குளவியைப் பற்றி அங்கே கேளுங்கள். பூச்சிமருந்துக்குப் புழுவும் ஒன்றுதான், குளவியும் ஒன்றுதான்.