திருகாணியும் தலைவிதியும்

முப்பது ஆண்டு! நின்ற இடம் ஒன்று. பிடித்த கருவி ஒன்று. முடுக்கிய திருகாணி ஒன்று. மோட்டார்த் தொழிற்சாலையில் உறுப்புகளைப் பொருத்திப் பொருத்தியே நரைத்துவிட்டவன், ஓய்வு பெறும் நாளன்று எண்ணிப் பார்க்கிறான்: "நான் எதைச் செய்தேன்?" தச்சன் தான் இழைத்த கட்டிலைக் காட்டுவான், குயவன் தன் பானையைத் தட்டிக் காட்டுவான். இவன் எதைக் காட்டுவான்? சாலையிலே ஓடும் ஆயிரமாயிரம் வண்டிகளில் இவன் முடுக்கிய திருகாணி இருக்கிறது, இவன் இல்லை.

தலைவிதி என்பர் வைதிகர். பலனில் பற்று வைக்காது உழைப்பதே பேரறம் என்று போதிப்போரும் உளர். நன்று! அந்தப் போதனையைப் பங்குதாரர் கூட்டத்திலே ஒருமுறை செய்து பார்க்கட்டுமே!

விதியன்று தோழர்களே, மனிதன் தீட்டிய திட்டம். அதற்கு ஆண்டும் உண்டு, ஊரும் உண்டு. 1913, அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க். ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில், ஆள் வண்டியிடம் போவது நின்று, வண்டி ஆளிடம் நகர்ந்து வரலாயிற்று. அடிச்சட்டம் ஒன்றைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆன காலம் போய், 1914இல் 93 நிமிடம் போதும் என்றாயிற்று. வியப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே 1913இல், 100 பேர் நிற்கவேண்டிய இடத்துக்கு ஓராண்டில் ஏறத்தாழ 370 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவர் நிற்கவில்லை, ஓடினர். 1914 சனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார் ஃபோர்டு. வேலை மாறவில்லை, விலை மாறிற்று! அதையும் முழுதாகப் பெற, குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று பார்க்க நிறுவனத்தின் ஆய்வாளர் அவன் வீட்டுக்குள்ளேயே நுழைந்தார்.

பத்துப் பேர் வேலையைப் பகிர்ந்துகொண்டு நாளொன்றுக்கு 48,000 குண்டூசி செய்த கதையை, 1776இல் ஆடம் ஸ்மித் எழுதியதை, பொருளாதாரம் பயின்றோர் அறிவர். அதே நூலின் பிற்பகுதியில், இரண்டொரு செயலையே ஆயுள் முழுதும் செய்பவனின் அறிவு மழுங்கிப்போகும் என்றும், அதைத் தடுக்க ஏழைகளுக்கு அரசு கல்வி தரவேண்டும் என்றும் அவர் எழுதினாரே! குண்டூசி வகுப்பறைக்கு வந்தது. அந்த எச்சரிக்கை வாசலோடு நின்றுவிட்டது.

கூலி அவன் நேரத்துக்கு விலை. மழுங்கிய அறிவுக்கு எந்தப் பேரேட்டில் வரவு வைத்தார்கள்? வேறு வழியில்லை என்று கைவிரிக்காதீர். சுவீடனில் 1974இல் திறந்த வோல்வோவின் கால்மர் தொழிற்சாலையில், சிறு சிறு குழுக்கள் வண்டியின் ஒரு பகுதியை முழுமையாகத் தம் பொறுப்பிலே ஏற்றுப் பூட்டின. 1994இல் அது மூடப்பட்டது, மெய்தான். ஆயினும் இருபது ஆண்டு அங்கே கார்கள் உருவாயின. முடியாது என்போர்க்கு அந்த இருபதாண்டே மறுப்பு.

நம் நாட்டிலும் இக்கேள்வி வந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலே, நாள் வேலையை 12 மணி நேரம்வரை நீட்ட இடமளிக்கும் திருத்தம் நிறைவேறிற்று, சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. நாலே மணி நேரம்தானே என்றனர் சிலர். திருகாணியை விட்டு வந்தவன் படிப்பகம் போவதும், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதும், சங்கத்தில் எழுந்து ஏன் என்று கேட்பதும் அந்த நாலு மணி நேரத்தில்தான்.