பச்சையும் பாவமும்

திண்டுக்கல் வட்டாரத்து அப்பத்தாக்கள் பலரின் முன்கையில் இன்றும் பச்சைக் கோலம் தெரிகிறது. செத்தபின் கூட வருவது பச்சை மட்டுமே என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த வீட்டுப் பேரன் கையில் டாட்டூ குத்திவந்தால் மட்டும் தெய்வக் குற்றம் என்கிறோம். வைணவர்கள் சங்கு, சக்கர முத்திரையைத் தோளில் சூடிட்டு ஏற்பது தீட்சையின் அங்கம். ஆக, உடலில் அழியாத குறி இடுவதை நம் மரபு பாவமாகக் கருதவில்லை. கோபத்தின் வேர் வேறு: ஊரும் உறவும் அறிய இட்ட குறி அன்றையது, பிள்ளை தனித்து எடுத்த முடிவு இன்றையது.

விவிலியத்தில் லேவியர் 19:28 தடுக்கிறதே, இஸ்லாமிய அறிஞர்கள் பெரும்பாலோர் கூடாது என்கிறார்களே என்று கேட்கலாம். அந்நெறியில் வாழ்வோர் அதை மதிக்க வேண்டியதே. ஆனால் அதே சமயங்கள் மனம் திரும்புவோருக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. கண்டிக்காவிட்டால் பிள்ளைகள் துணிந்துவிடுவார்கள் என்பதும் சரியல்ல. லேசரில் அழிக்கப் பலமுறை வலியும் செலவும் உண்டு, அப்போதும் தழும்பு மிஞ்சலாம். வருந்துபவருக்கு அதுவே போதிய பாடம். பெற்றோரே, குத்தும்முன் பொறுமையாகப் பேசித் தடுங்கள். குத்தியபின் பழிசொல்லாமல் துணைநில்லுங்கள்.