அறியாமல் இட்ட வடு

ஒருவர் அறியாமல் இழைத்த தீங்கிற்கு அவர் பொறுப்பாவாரா? மனிதர்க்கிடையே எழும் வழக்குகளில் இவ்வினாவிற்கு விடை காண்பது அத்துணை அரிதன்று. காயம்பட்டவர் முறையிடுவார், நடுவர் விசாரிப்பார். ஆனால் வாய் பேசாப் பிராணி ஒன்று நம் பிழைப்பின் பொருட்டுப் புண்பட்டு, அதனை நாம் கண்ணாலும் காணாமற்போனால் யார் முறையிடுவது? கடல்வாழ் பெரும் பிராணிகளின் மேனியிலுள்ள தழும்புகள் இவ்வினாவை நம் முன் நிறுத்துகின்றன.

தழும்பு யாவும் மனிதன் இட்டவை அல்ல. ரிஸ்ஸோ என்னும் டால்ஃபின் தன் இனத்தோடு பொருது பெற்ற பற்கீறல்களால் முதுமையில் ஏறக்குறைய வெண்ணிறமே எய்திவிடுகிறது. இஃது இயற்கையின் கணக்கு. இதில் நமக்கு வழக்கில்லை.

வேறு சில, மனிதன் வேண்டுமென்றே இட்டவை. 2007-ஆம் ஆண்டில் அலாஸ்காவின் வடகரையில் பிடிபட்ட திமிங்கிலம் ஒன்றின் உடலில் வெடியீட்டித் துண்டு புதைந்திருக்கக் கண்டனர். அந்த ஆயுத வகை 1879-இல் காப்புரிமை பெற்றது. அதைக்கொண்டு அப்பிராணியின் வயதை 115 முதல் 130 வரை எனக் கணித்தனர். எய்தவன் மடிந்து மண்ணாகிப் பல்லாண்டுகள் கடந்த பின்னும் அவன் செயலின் சான்று அவ்வூனில் தங்கியிருந்தது. அவன் அறிந்தே எய்தான். ஆகவே பொறுப்பு யாருடையது என்பதில் ஐயமில்லை.

மூன்றாம் வகையே நம் சிந்தனைக்குரியது. வட அட்லாண்டிக் கடலில் 'ரைட்' திமிங்கிலம் என்றோர் இனம் உண்டு. மெதுவாக நீந்துவதாலும், கொன்றபின் மிதப்பதாலும், எண்ணெய் மிகுதியாகத் தருவதாலும் வேட்டைக்குத் 'தக்கது' என்னும் பொருளில் வேட்டையர் இட்ட பெயர் அது! 1935 முதல் அதனை வேட்டையாடுவதற்குத் தடை உள்ளது. எனினும் இன்று எஞ்சியுள்ளவை நானூற்றுக்கும் குறைவே. ஈட்டியை நாம் கீழே வைத்துவிட்டோம்; காயங்களோ நின்றபாடில்லை.

காரணம் கயிறு. கல் இறாலும் நண்டும் பிடிப்போர் கடலடியில் கூடுகளை இறக்குகின்றனர். ஒவ்வொரு கூட்டு வரிசையிலிருந்தும் நீர்மட்டத்து மிதவை வரை ஒரு கயிறு செங்குத்தாக நிற்கும். வாயைத் திறந்தபடி நீந்தி இரையை வடித்துண்ணும் இத்திமிங்கிலத்தின் வாயிலும் துடுப்பிலும் வாலிலும் அக்கயிறு சிக்குகிறது. திமிர முயலுந்தோறும் அது தசையை அறுக்கிறது. 1980 முதல் 2009 வரை எடுத்த புகைப்படங்களை ஆராய்ந்தோர், 626 திமிங்கிலங்களில் 83 விழுக்காட்டின் மேனியில் கயிற்று வடுக்கள் இருந்தன என்றும், அவ்வாறு சிக்கியவற்றுள் 59 விழுக்காடு ஒருமுறைக்கு மேல் சிக்கியவை என்றும் கண்டனர். இவ்வாராய்ச்சியாளர் ஒவ்வொரு திமிங்கிலத்தையும் அதன் தலைத் திட்டுகளாலும் தழும்புகளாலும் இனங்காண்கின்றனர். நாம் இட்ட காயமே அதற்கு அடையாளச் சீட்டாகிவிட்டது.

கயிறிட்ட மீனவரோ இதை அறியார். மிதவை காணாமற்போனதை மட்டுமே அவர் அறிவார். பெருங்கப்பலின் மாலுமியும், தன் கப்பல் ஓர் உயிரின் மீது மோதியதை உணராமலே செல்லக்கூடும். எவரிடத்தும் தீய எண்ணமில்லை. எனினும் 2017-ஆம் ஓராண்டில் மட்டும் இவ்வினத்தில் 17 மரணங்கள் உறுதி செய்யப்பட்டன.

இங்கேதான் நம் சட்டநூல்கள் கற்பிக்கும் நுட்பமான வேறுபாடு துணைநிற்கிறது. தவறுதலாகப் பிறர் பொருளை அழித்தவன்மீது பாவம் இல்லை. ஆயினும் 'ளமான்' என்னும் ஈடு செய்யும் கடமை உண்டு. குற்றம் எண்ணத்தைப் பொறுத்தது. ஈடு விளைவைப் பொறுத்தது. "திமிங்கிலத்துக்கு உரிமையாளர் இல்லையே, ஈடு யாருக்கு?" என வினவலாம். இஹ்ராம் அணிந்தவர் காட்டுப் பிராணியைக் கொன்றால் பரிகாரம் கடமையாகிறது. தவறுதலாகக் கொன்றாலும் அவ்வாறே என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து. அப்பிராணிக்கும் மனித உரிமையாளர் இல்லை அன்றோ! கடல் வேட்டை அச்சட்டத்துள் அடங்காது. நாம் ஈண்டு மார்க்கத் தீர்ப்புக் கூறவும் முன்வரவில்லை. கேட்பார் இல்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது என்பதே நாம் பெறும் பாடம்.

அரபு மொழியில் 'ஜர்ஹு' என்றால் காயப்படுத்துதல். அதே மூலச்சொல்லுக்குச் சம்பாதித்தல் என்ற பொருளும் உண்டு. தமிழில் 'வடு' என்பது தழும்பையும் குறிக்கும், குற்றத்தையும் குறிக்கும். நம் சம்பாத்தியம் பிறிதோர் உயிரில் காயமாகலாம். அக்காயத்தைக் கண்டபின்னும் வாளாவிருந்தால் அது நம்மீது குற்றமாகலாம். இரு மொழிகளும் சேர்ந்து ஒரே நீதியை உரைக்கின்றன.

"ஆறிய புண்தானே, பிராணி உயிரோடு உள்ளதே!" என்பர் சிலர். பெண் திமிங்கிலம் ஒன்றின் வரலாறு இதற்கு மறுமொழி. ஆய்வாளர் அதற்கு 'ஸ்னோ கோன்' எனப் பெயரிட்டிருந்தனர். 2020-இல் அதன் கன்று கப்பல் மோதி இறந்தது. 2021 மார்ச்சில் அதுவே கயிற்றில் சிக்கியது. அவ்வாண்டு டிசம்பரில், வாயிலிருந்து கயிறு தொங்க, புதிய கன்றோடு ஜார்ஜியா கரையருகே காணப்பட்டது. 2022 செப்டம்பரில் கன்றின்றி, உடல் நலிந்து, மேலும் கயிறுகள் சுற்றிய நிலையில் தென்பட்டது. தழும்பு தோலோடு நிற்பதில்லை. தாய்மையையும் தீண்டுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பழியை ஏழை மீனவர் தலையில் மட்டும் சுமத்துதல் நீதியாகாது. அவர் பிடித்ததை விரும்பி உண்போர் உளர். கப்பல் விரைந்து வரவேண்டுமெனக் காத்திருக்கும் வணிகர் உளர். பயனில் பங்கு கொண்டோர் ஈட்டிலும் பங்கு கொள்வதே முறை. வழியும் இல்லாமலில்லை. 2003-இல் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் தடத்தையே மாற்றினர். 2008-இல் அமெரிக்கா, 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் குறித்த பருவங்களில் குறித்த கடற்பகுதிகளில் 10 நாட் வேகத்தைத் தாண்டலாகாது என விதித்தது. எளிதில் அறுபடும் கயிறுகளும், நிலையான கயிறின்றி வேண்டும்போது மட்டும் மிதவையை மேலெழுப்பும் கருவிகளும் வந்துள்ளன. அக்கருவிகளின் விலை மிகுதி. அவ்விலையை மீனவர் ஒருவரே சுமக்க வேண்டும் என்போர், தம் கடனைப் பிறர் கணக்கில் எழுதுவோரே ஆவர்.

அறியாமை ஒருமுறைதான் மன்னிப்புக்குரிய காரணமாகும். இப்போது புகைப்படம் உண்டு, கணக்கு உண்டு, பெயரும் உண்டு. இனி இடப்படும் வடுவை, அறியாமல் இட்டது என எவ்வாறு சொல்வோம்?