தேறலும் தெளிவும்

சில சொற்கள் தமக்குள் ஒரு வழக்கையே சுமந்துகொண்டிருக்கின்றன. 'மது' என்பது அவற்றுள் ஒன்று. தேனுக்கும் அதுவே பெயர். போதை தரும் பானத்துக்கும் அதுவே பெயர். வடமொழியின் இச்சொல்லும், தேனைப் புளிக்கவைத்துச் செய்யும் பானத்துக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'மீட்' என்னும் சொல்லும் உறவுடையவை என்பது மொழிநூலார் துணிபு. நம் தமிழிலும் 'கள்' என்பதற்குத் தேன் என்னும் பொருள் உண்டு. இவற்றினும் வியப்பளிப்பது 'தேறல்' என்னும் சொல். தேறுதல் என்றால் தெளிதல். மண்டி அடியில் தங்கிவிட, மேலே தெளிந்து நிற்பது தேறல். மயக்கம் தரும் ஒன்றுக்குத் தெளிவின் பெயரை இட்டிருக்கிறார்கள் நம் முன்னோர். இது வெறும் முரண்தானா? அல்லது மகிழ்ச்சியைக் குறித்து நாம் சிந்திக்கவேண்டிய ஓர் உண்மை இதில் அடங்கியிருக்கிறதா?

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், மூங்கிற் குழாயில் விளைந்த தேன் தேறலை மலைவாழ் மக்கள் வழிநடந்து வந்த கூத்தரோடு பகிர்ந்துகொள்ளும் விருந்தோம்பலைக் காட்டுகிறது. அதே தமிழ்தான், வள்ளுவர் வாயிலாகக் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிப் பத்துக் குறள்களில் குடியைக் கடிந்துரைக்கிறது. ஒரே மரபு இரண்டையும் பேசுகிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது எளிது. இரண்டையும் ஒருங்கே வைத்துச் சிந்திப்பதே கடினம்.

தேன் தேறல் நமக்குப் பெரும்பாலும் ஏட்டளவில் நிற்கும் செய்தி. அதை வாழும் வழக்கமாகக் காண வேண்டுமெனில் எத்தியோப்பியாவுக்குச் செல்ல வேண்டும். நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தைத் தழுவிய நாடு அது. ஆப்பிரிக்காவில் மிகுதியாகத் தேன் எடுக்கும் நாடும் அதுவே. தேனடையின் மெழுகு அங்கே ஆலயத்துக்குத் திரியாகிறது. தேனோ வீட்டுக்குத் 'தெஜ்' ஆகிறது. தெஜ் என்பது அந்நாட்டுத் தேன் தேறல். திருமணத்திலும் திருநாளிலும் அதற்கு முதலிடம் உண்டு. கடைகளில் விற்பதும் உண்டு எனினும், அது அடிப்படையில் வீட்டுப் பானமே. அதன் பக்குவம் அறிந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே.

அதைச் செய்யும் முறையைச் சற்றே கவனிப்போம். 1 பங்கு தேனுக்கு 3 பங்கு தண்ணீர் என்பது பரவலான கணக்கு. பானைக்கு முதலில் புகையூட்டுவார்கள். தேனையும் நீரையும் கலந்து, துணியால் மூடி, இரண்டு மூன்று நாள் வைத்தால், மெழுகும் கசடும் மேலே மிதந்து வரும். அவற்றை வழித்தெடுத்துவிட்டு, 'கேஷோ' என்னும் புதர்ச்செடியின் இலையையும் தண்டையும் கலவையின் ஒரு பகுதியில் இட்டுக் கொதிக்கவைத்து, ஆறிய பின் மீண்டும் பானையிற் சேர்ப்பார்கள். கேஷோ கசப்பானது, அக்கசப்பே இனிப்பை நெறிப்படுத்துகிறது. வெப்பமான காலமெனில் 5 நாள் அளவிலும், குளிர்ந்த காலமெனில் 15 முதல் 20 நாள் அளவிலும் கலவை புளித்து நுரைத்து அடங்கும். அதுவரை நாள்தோறும் கிளறிவிட வேண்டும். பிறகு துணியில் வடிகட்டினால் மஞ்சள் நிறப் பானம் கிடைக்கும். 'பெரெலே' என்னும் குறுகிய கழுத்துடைய கண்ணாடிக் குடுவையில் அதை ஊற்றி விருந்தினருக்குக் கொடுப்பார்கள்.

இதில் மனிதன் செய்வது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். முதிர்ந்த தேன் தானாகப் புளிப்பதில்லை. அதில் உள்ள நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாதலால், நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அச்செறிவில் பெருக முடிவதில்லை. நீர் சேர்ந்ததும் அவை விழித்தெழுகின்றன. சர்க்கரையை உண்டு, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. நொதித்தல் என்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் நிலைநாட்டும் முன்னரே, மனித குலம் ஆயிரமாயிரம் ஆண்டுகள் பானையை ஆயத்தம் செய்துவிட்டுக் காத்திருந்தது. கூட்டுபவன் மனிதன், ஆக்குவது அவனல்லன். போலந்து நாட்டிலோ இக்காத்திருப்பு இன்னும் நீளமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் பதிவு செய்த அந்நாட்டு மரபுத் தேறல்களுள், 1 பங்கு தேனுக்கு 3 பங்கு நீர் சேர்ந்தது 9 மாதமேனும் முதிர வேண்டும். 1 பங்கு தேனுக்கு அரைப் பங்கு நீரே சேர்ந்த செறிவான வகை 3 ஆண்டுகளேனும் முதிர வேண்டும்.

இனி, அறக் கேள்விக்கு வருவோம். இத்தனை பொறுமையோடு, இத்தனை தூய்மையோடு, வீட்டில் வடித்த ஒன்றைச் சுற்றத்தோடு அமர்ந்து மகிழ்ந்து அருந்துவது நன்றா, தீதா?

இது ஏட்டுக் கேள்வியன்று. பங்கில் ஒரு தாய் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார்: "சாமி, பூசையில திராட்சை இரசம் வைக்கிறீங்க. கானாவூர்ல ஆண்டவரே தண்ணிய இரசமாக்கிக் கொடுத்தாரு. அப்படின்னா என் வீட்டுக்காரர் குடிக்கிறது மட்டும் எப்படித் தப்பாகும்? இதத்தான் அவர் என்கிட்டத் தெனமும் கேக்குறாரு. எனக்குப் பதில் தெரியலை." அத்தாயின் கையில் கூலிப் பணம் தங்கியதில்லை என்பதை ஊரே அறியும். கேட்டவர் அவர், கேள்வியோ கணவருடையது. நல்லது என்று ஒன்றைச் சொன்னால், அந்த நன்மையையே கேடயமாகப் பிடித்துக்கொள்ளும் அடிமைத்தனம் எங்கும் உண்டு. அதற்கு அஞ்சி, படைப்புப் பொருள் ஒன்றைத் தீயது என்று சொல்லிவிடலாமா?

திருச்சபையின் மரபு அப்படிச் சொன்னதில்லை. திமொத்தேயுவின் வயிற்று நலனுக்காகச் சிறிது திராட்சை மது பயன்படுத்தச் சொன்ன அதே புனித பவுலின் பெயரால், சகோதரன் இடறி விழுவானெனில் இறைச்சியும் மதுவும் வேண்டாம் என்னும் அறிவுரையும் உரோமையர் மடலில் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வழியை, புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில், மிதக்குடி பற்றிய 149ஆம் வினாவில் தெளிவாக வகுக்கிறார். மது அருந்துதல் தன்னளவில் குற்றமன்று. ஆனால் நான்கு வகையில் அது குற்றமாகலாம். எளிதில் நிலைகுலைபவன் அருந்தினால் குற்றம். அருந்துவதில்லை என்று நேர்ச்சை செய்தவன் அருந்தினால் குற்றம். அளவை மீறினால் குற்றம். பிறருக்கு இடறலானால் குற்றம். இவற்றுள் அளவு என்பது ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். நாமோ அளவைப் பற்றி மட்டுமே வாதாடுகிறோம். "நான் அளவாகத்தான் குடிக்கிறேன்" என்பவர் மற்ற மூன்று வாயில்களையும் திறந்தே வைத்திருக்கக் கூடும்.

அத்தாய்க்கு உரிய பதிலும் இதிலேயே இருக்கிறது. பொருள் நல்லது, அவர் கணவருக்கு அது நல்லதன்று. இரண்டும் ஒரே வேளையில் உண்மை. குடிப்பழக்கத்தை ஒரு நோய் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 1956இல் அறிவித்தது. நீரிழிவு உள்ளவருக்கு இனிப்பை மறுப்பதால் நாம் கரும்பைப் பழிப்பதில்லை. கரும்பு நல்லது என்பதால் அவர் கையில் வெல்லத்தைக் கொடுப்பதுமில்லை. கானாவூரில் ஆறு கற்சாடிகள் நிறைந்தன என்பது, ஒரு வீட்டின் அரிசிப் பானை காலியாவதற்கு அத்தாட்சிப் பத்திரம் ஆகாது.

அப்படியானால், நோயற்றவனுக்கு மகிழ்ச்சியின் எல்லை எது? புனித அகுஸ்தினார் 'கிறிஸ்தவப் போதனை' என்னும் நூலின் முதற்பகுதியில் துய்த்தலையும் பயன்படுத்தலையும் வேறுபடுத்துகிறார். ஒன்றை அதற்காகவே நேசித்து அதில் நிலைகொள்வது துய்த்தல். வேறொன்றை அடையும் வழியாகக் கொள்வது பயன்படுத்தல். வீடு திரும்பும் பயணி ஒருவன் வண்டியின் சுகத்திலேயே மயங்கி வீட்டை மறந்துவிடுவதை அவர் உவமையாகக் காட்டுகிறார். வண்டி தீயதன்று, வழியின் அழகும் தீயதன்று. வீட்டை மறப்பதுதான் கேடு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் போலந்தை ஆண்ட வெள்ளை லெசெக் என்னும் கோமகன், புனித நாட்டில் தேன் தேறல் கிடைக்காதாகையால் சிலுவைப் போருக்கு வர இயலாதென்று திருத்தந்தைக்குத் தெரிவித்தாராம். படிக்கச் சிரிப்பு வருகிறது. அப்போருக்குப் போகாதது நல்லதே என்றும் நாம் இன்று எண்ணக் கூடும். ஆயினும் "அது கிடைக்காத இடத்துக்கு நான் வர முடியாது" என்று ஒருவன் எப்போது சொல்கிறானோ, அப்போதே குடுவை அவனைக் கையிலெடுத்துக்கொண்டுவிட்டது.

வீட்டில் வடிப்பவனுக்கு இதில் ஓர் உதவி உண்டு என்று நினைக்கிறேன். தான் அருந்துவது எங்கிருந்து வந்தது என்பதை அவன் அறிவான். ஒரு தேனீ தன் வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்க்கும் தேன், ஒரு சிறு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பார்கள். 1 லிட்டர் தேறலுக்குக் கால் லிட்டர் தேன் என்று கொண்டால், அதில் ஏறத்தாழ 600 தேனீக்களின் வாழ்நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது. இதை அறிந்தவன் ஒரே மூச்சில் விழுங்க மாட்டான். முகர்ந்து, சுவைத்து, நன்றியோடு இறக்குவான். விலை கொடுத்து வாங்கி, இருளில் நின்று, சுவை அறியாமலே தொண்டையில் கவிழ்த்துக்கொள்பவன் மகிழ்வதில்லை, மறக்கிறான். மகிழ்ச்சி வேறு, மறதி வேறு. தேறலுக்குத் தெளிவின் பெயர் வந்ததில் உள்ள நியாயம் ஒருவேளை இதுதான்: எது மகிழ்ச்சி, எது மறதி என்று பிரித்தறியும் வரையில்தான் அது தேறல்.

ஆயினும் கைவேலை ஒன்றே நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லத் துணியேன். கள்ளச்சாராயமும் கையால் காய்ச்சப்படுவதே. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கலாகாது. நம் மாநிலத்தில் உரிமமின்றி மது வடிப்பதை 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் குற்றமாக்குகிறது. எனவே இதைப் படித்துவிட்டு எவரும் அடுப்படியில் பானை வைத்துவிட வேண்டாம். உடல்நலத்துக்கு முற்றிலும் தீங்கற்றது என்று சொல்லத்தக்க மது அளவு ஏதுமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெரிவித்ததையும் நேர்மையோடு கணக்கில் கொள்ள வேண்டும். அளவாக அருந்துபவர்கூட ஒரு சிறு விலையைக் கொடுத்தே அருந்துகிறார். கொடுக்கலாமா என்பது அவர் மனச்சான்று தீர்க்க வேண்டியது. ஆனால் விலையே இல்லை என்று தம்மை ஏமாற்றிக்கொள்ளலாகாது.

எனவே பொருளின் அருமையை அறிவது முதல் எல்லை, அது போதாது. இரண்டாவது எல்லை, பந்தியில் நம் அருகே அமர்ந்திருப்பவர். அக்குவினார் கூறிய நான்கில் கடைசியாகிய இடறல் என்பது அவரைப் பற்றியதே. அவர் குடியை விட்டு மீண்டு ஆறு மாதம் ஆனவராக இருக்கலாம். நேர்ச்சை செய்தவராக இருக்கலாம். வேறு சமயத்தவராக இருக்கலாம். தந்தையின் குடியால் இளமையை இழந்த மகளாக இருக்கலாம். "ஒரு வாய்தானே!" என்று அவரை வற்புறுத்தும் விருந்து, எத்தனை தூய தேனில் வடித்ததாயினும், கலங்கிய விருந்தே. குடிக்காதவர் வெட்கப்பட்டுக் காரணம் சொல்ல வேண்டிய பந்தியில், குடிப்பவர்களும் விடுதலை பெற்றவர்கள் அல்லர்.

எத்தியோப்பிய வீடுகளில் இதற்கொரு வழக்கம் இருக்கிறது. தெஜ் அருந்தாதவர்களுக்கென, குறிப்பாக இசுலாமிய விருந்தினருக்கென, 'பிர்ஸ்' என்னும் பானத்தைக் கலக்குவார்கள். அதுவும் தேனும் நீருமே, புளிக்கவைக்காதது, அவ்வளவுதான். அதே கூட்டின் தேன், அதே கிணற்றின் நீர். பிர்ஸ் கேட்பவரிடம் ஏன் என்று கேளாமல், அதையும் அதே மரியாதையோடு ஊற்றித் தரும் வீட்டில், தெஜ் அருந்துபவரும் மனச்சான்று உறுத்தாமல் அருந்தலாம்.