சும்மா தமாஷுக்குத்தான் சொன்னேன்



இந்த மாதம் மற்றவர்களுடைய குற்றத்தைப் பற்றி அல்ல, என் வாயைப் பற்றியே எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு குடும்ப ஐக்கியக் கூட்டத்தில் செய்தி கொடுக்க எழுந்தேன். மதியம் நெருங்கிய வேளை. பலர் தூங்கி வழிந்தார்கள். அவர்களை எழுப்ப, செல்போனில் வந்த ஒரு தமாஷை என் மனைவியின் பேரில் வைத்துச் சொன்னேன். "ரயில்வே ஸ்டேஷன்ல எங்க வீட்டம்மா எடை மிஷின்ல ஏறினாங்க. 'ஒவ்வொருத்தரா ஏறவும்'னு சீட்டு வந்துச்சு!" சபையே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். பிரசங்கம் நன்றாகத் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து பந்தி நடந்தது. ஒரு சகோதரி இரண்டாம் முறை சோறு கேட்டார். அவர் கணவர் எல்லார் முன்பாகவும், "போதும்டி குண்டம்மா, மிஷின் தாங்காது" என்றார். பந்தி முழுவதும் சிரிப்பு. அந்தச் சகோதரி இலையை மூடிவிட்டு எழுந்து போனார். நான் அந்தத் தம்பியைத் தனியாக அழைத்து, "இப்படிப் பேசலாமா?" என்றேன். "சும்மா தமாஷுக்குத்தான் ஐயா. நீங்களே சொன்னீங்களே!" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு என் மனைவியிடம், "நீயும் சிரிச்சியே, உனக்கு வருத்தமில்லையே?" என்று கேட்டேன். "சிரிக்காம இருந்தா, பாஸ்டரம்மாவுக்கு ரோஷத்தைப் பாருன்னு சொல்லுவாங்க. அதான் சிரிச்சேன்" என்றாள். பிரியமானவர்களே, அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எண்ணியிருந்தேன்!

ஒரு தமாஷ் என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். தாமஸ் ஃபோர்டு என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலருக்குப் பெண்களை இழிவாக்கும் நகைச்சுவைகளையும், சிலருக்குச் சாதாரண நகைச்சுவைகளையும், சிலருக்கு அதே மாதிரி இழிவை நகைச்சுவை இல்லாமல் நேரடியாகவும் கொடுத்தார்கள். பிறகு, பெண்களுக்கான ஓர் அமைப்புக்கு எவ்வளவு பணம் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். இழிவான நகைச்சுவையைக் கேட்டவர்களில், பெண்கள்மேல் ஏற்கெனவே கசப்புள்ள ஆண்களின் கை சுருங்கியது. நேரடியாக இழிவாகச் சொன்னபோதோ அப்படி நடக்கவில்லை.

கவனித்தீர்களா? வெளிப்படையாகத் திட்டினால் மனசாட்சி விழித்துக்கொள்ளும். சிரிக்கச் சிரிக்கச் சொன்னால் அந்தக் காவல்காரன் தூங்கிவிடுகிறான். தமாஷ் புதிதாகக் கசப்பை உண்டாக்குவதைவிட, உள்ளே கிடக்கிற கசப்புக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அந்தத் தம்பிக்கு அன்று கதவைத் திறந்துவிட்டது நான்தான்.

நம்மில் அநேகர் சினிமா பார்ப்பதில்லை. ஆனால் பருமனான பெண்ணைக் கண்டு கதாநாயகன் அலறி ஓடுகிற அதே தமாஷ், இன்று செல்போன் வழியாக நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. காலையில் வசனம் அனுப்புகிற அதே கை, மாலையில் மனைவி ஜோக் அனுப்புகிறது!

பேர்தான் தமாஷ். தெருவில் பெண்களைத் துன்புறுத்துவதற்கு நம் நாட்டில் "ஈவ் டீசிங்" என்று பேர் வைத்தார்கள். ஈவ் என்றால் ஏவாள். டீசிங் என்றால் கேலி. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி அந்தக் "கேலி"யால் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் அதற்கென்று சட்டம் வந்தது. பின்னர் அந்தச் சட்டத்தின் பேரிலிருந்தே "ஈவ் டீசிங்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, துன்புறுத்தல் என்ற பொருளுள்ள வார்த்தையை வைத்தார்கள்.

"அவங்க உடம்பு குறையட்டும்னுதானே ஐயா சொல்றோம்?" என்பவர்களும் உண்டு. தைராய்டு, பிரசவம், சில மாத்திரைகள், இவற்றாலும் உடம்பு போடும். அமெரிக்காவில் 6,000-க்கும் அதிகமானோரைச் சில ஆண்டுகள் கவனித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், எடைக்காகத் தாங்கள் தாழ்வாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் பிற்பாடு உடற்பருமன் நிலைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. அவமானம் பத்தியச் சாப்பாடு அல்ல! என் தொப்பையைப் பார்த்து, "ஊழியக்காரருக்கு ஆசீர்வாதம்" என்கிறார்கள். அதே சரீரம் ஒரு சகோதரிக்கு இருந்தால் ஏன் கேலி?

அப்படியானால் சிரிக்கவே கூடாதா? அப்படியல்ல. ஈசாக்கு என்ற பேருக்கே நகைப்பு என்றுதான் அர்த்தம். சாராளின் வீட்டில் எல்லாரும் சேர்ந்து மகிழ்ந்த சிரிப்பு அது. ஆனால் 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் பெனின்னாள் வருஷந்தோறும் அன்னாளின் மனதை நோகடித்தாள். அன்னாள் அழுதாள், சாப்பிடவில்லை. அதுவும் கர்த்தருடைய ஆலயத்துக்குப் போன இடத்தில்! இலையை மூடின அந்தச் சகோதரி என் கண்முன் வந்தார். நீதிமொழிகள் 26-ஆம் அதிகாரத்தில், பிறனை வஞ்சித்துவிட்டு விளையாட்டு என்று சாக்குச் சொல்கிறவன், கொள்ளிகளை எறிகிற பைத்தியக்காரனுக்கு ஒப்பிடப்படுகிறான். அந்த இடத்தை நான் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் அதே இடத்தில் நின்று, முதலில் என் மனைவியிடமும் பிறகு சபையிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. இப்போது ஒரு தமாஷ் சொல்லுமுன் என்னையே ஒன்று கேட்கிறேன்: இந்தச் சிரிப்புக்கு விலை கொடுப்பது யார்?

அந்தச் சகோதரி இன்றும் பந்தியில் பரிமாறுகிறார், உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவர் யார் என்று விசாரிக்க வேண்டாம். அவருக்காக ஜெபியுங்கள். என் வாய்க்கும் ஒரு காவல் வேண்டும் என்று ஜெபியுங்கள். ஆமென்.