அமைதியான தெருவெல்லாம் சமாதானமான தெருவா?

வியாசர்பாடியில் ஒரு நெருக்கமான சந்தில் பல வருஷம் குடியிருந்துவிட்டு, ஊருக்கு வெளியே புது மனைப்பிரிவுக்கு வந்தோம். முதல் வாரம் தூக்கமே வரவில்லை. ராத்திரியில் கடிகாரச் சத்தம்தான் துணை. "ஏங்க, இங்க மனுஷங்க இருக்காங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. நல்லதுதான். வியாதியஸ்தருக்கும் படிக்கிற பிள்ளைக்கும் அமைதி வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு என்று எந்தச் சட்டம் சொல்லும்?

பழைய சந்தில் குழாயடிச் சண்டை உண்டு. ஆனாலும் ஒரு குழந்தை ராத்திரி இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். விடியுமுன்னே கஷாயம் வந்துவிடும். இங்கேயோ அடுத்த வீட்டுப் பெரியவர் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். வாசலில் பேப்பர் எடுக்காமல் கிடந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. இதற்குச் சமாதானம் என்று பேர் வைக்கலாமா?

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். பெருங்காற்றும் பூகம்பமும் நெருப்பும் ஓய்ந்த பிறகு ஓரேபில் மெல்லிய குரலைக் கேட்டார். அந்தக் குரல் அவரைக் குகையிலேயே உட்கார வைக்கவில்லை. மனுஷரிடத்துக்கே திருப்பி அனுப்பியது.

சத்தமான தெருவில் அயலானுடைய பாடு தானாக நம் காதுக்கு வந்துவிடும். அமைதியான தெருவில் நாமதான் தேடிப் போகணும். இந்த வாரம் ஒரு கதவையாவது தட்டுவோமா?